எடுத்துவிட்டால் இல்லையென்று ஆகுமா?

ஒரு பானத்தில் போட்டு, வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிட்ட பொருள், அந்தப் பானத்தில் இருக்கிறதா இல்லையா? வெட்டிக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்கு இதற்கு ஒரு பதில் வேண்டும். இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே காய்ச்சலாம். நானும் காய்ச்சுகிறேன். என் பீரைக் குடிக்கும் நண்பர்களில் பாதிப் பேர் சைவம்.

பாட்டிலில் அடைக்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது ட்ரை ஹாப்பிங். நொதித்து முடிந்த பீரில் ஹாப்ஸ் பூவைக் கொதிக்க வைக்காமல் சில நாட்கள் ஊறப் போடுவது. கொதித்தால் ஆவியாகிப் போகும் வாசனை எண்ணெய்கள் இப்படிச் செய்தால் தங்கும். இரண்டாவது, தெளிய வைப்பது. ஹாப்ஸின் பாலிஃபீனால்கள் தானியப் புரதத்தோடு சேர்ந்து பீரைக் கலங்கலாக்கும், ஈஸ்டும் மிதக்கும். நன்றாகக் குளிரவைத்து ஜெலட்டினோ ஐசிங்கிளாஸோ ஊற்றினால், அது மிதப்பதைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். நம் ஊரில் பானைக்குள் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். என்ன, அது கொட்டை. ஜெலட்டின் மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பை.

சட்டம் இதில் தாராளம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒவ்வாமை தரக்கூடிய பொருள் என்ற வகையில் மீனை லேபிளில் சொல்லியாக வேண்டும்; பீரையும் வைனையும் தெளியவைக்கும் ஐசிங்கிளாஸுக்கு விலக்கு. தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மட்டுமே என்று 1516-இல் பவேரியாவில் சட்டம் போட்டார்கள். அந்த மரபைப் பெருமையாகச் சொல்லும் ஜெர்மனியிலும் பிவிபிபி என்ற செயற்கைப் பாலிமரைப் போட்டு வடிகட்டி எடுத்துவிடலாம். எடுத்தாயிற்று, ஆகவே இல்லை.

இந்தத் தர்க்கத்தை ஹாப்ஸுக்கும் போட்டுப் பாருங்கள். அதையும் போட்டு எடுத்துவிடுகிறோம். ஆனால் அதன் பெயரை லேபிளில் பெரிதாக அச்சடிக்கிறோம். ஹாப்ஸ் வாசனையை விட்டுப்போகிறது, மீன் எதையும் விட்டுப்போகவில்லை என்பார்கள். அப்படியா? கண்ணாடி போன்ற அந்தத் தெளிவு யார் விட்டுப்போனது?

சட்டம் கேட்பது உடம்பின் கேள்வி: குடித்தால் ஏதாவது செய்யுமா? சைவம் சாப்பிடுகிறவர் கேட்பது வேறு: இதற்காக ஓர் உயிர் போனதா? முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் கொடுப்பதுதான் பிரச்சினை. பார்லி வயலில் பூச்சி சாகவில்லையா என்று கேட்கலாம். சாகிறதுதான். ஆனால் அதைத் தவிர்க்க பார்லியையே விட வேண்டும். இதைத் தவிர்க்க இன்னும் இரண்டு மூன்று வாரம் குளிரில் வைத்துக் காத்திருந்தால் போதும். பெரும்பகுதி தானாகவே படியும். ஹாப்ஸ் கலங்கல் கொஞ்சம் மிச்சமிருக்கும். சுவைக்கு அதனால் குறையொன்றும் இல்லை. கின்னஸ் போன்ற பெரிய நிறுவனமே ஐசிங்கிளாஸை விடப்போவதாக 2015-இல் அறிவித்தது.

ஆக, விஷயம் கண்ணுக்கு அழகும் கொஞ்சம் அவசரமும்தான். என்னிடம் ஜெலட்டின் கிடையாது. இதில் புண்ணியம் ஒன்றும் இல்லை; நான் மீன் சாப்பிடுகிறவன்தான். தெளிய வைக்க விரும்புகிறவர் வைக்கட்டும். ஊற்றுவதற்கு முன் சொல்லிவிடட்டும், அவ்வளவுதான். அது இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் குடிக்கிறவர்.