கீழ்நிலத்தாரின் ஹக்கு



மதீனாவில் மஹ்ஸூர் என்றோர் ஓடை. அதன் தண்ணீரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மேல்நிலத்தார் கணுக்கால் அளவு நீரைத் தேக்கிக்கொண்டு, மிச்சத்தைக் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே அது.

நம் தாம்பரம் வட்டாரத்து ஏரிகளும் இவ்வாறு அமைந்தவையே. ஓர் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியே வழிந்த நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். வயல்கள் மனைகளாயின, கால்வாய்கள் குறுகின. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. பெருமழை அல்லாஹ்வின் நாட்டம். நீரின் வழியை அடைத்தது யார் கை?

ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் வீண்விரயம் கூடாதென்று பேணுகிறோம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் குப்பையைக் கொட்டலாமா? மதிலைத் தள்ளிக் கட்டலாமா? அதனால் அண்டை வீட்டார் நனைந்தால் அது அடியார்களின் ஹக்கு. அவர்கள் மன்னிக்காமல், தவ்பா மட்டும் போதாது.

மனை வாங்குமுன் நீர்வழியை விசாரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன், மஹல்லாவாசிகள் கூடிக் கால்வாயைத் துப்புரவு செய்யுங்கள். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.