வழிநடையில் ஒரு செம்பு தண்ணீர்



வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் திருநாள் முடிந்து, நடந்து சென்ற நாம் எல்லோரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக. காலில் கொப்புளம் இன்னும் ஆறாதவர்கள் சிலர் உண்டு. சென்ற ஞாயிறு பூசைக்கு நொண்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் நொண்டிக்கொண்டுதான் பீடம் ஏறினேன். அந்த வலி ஆறுவதற்கு முன்னால் ஒரு காரியத்தை உங்களோடு பேசிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். வலி ஆறிவிட்டால் அதனால் கற்ற பாடமும் மறந்துபோகும்; மனித சுபாவம் அப்படி.

ஆகஸ்டு 28-ஆம் தேதி விடியற்காலம் ஒரகடம் வழியாகப் புறப்பட்டோம். சிங்கப்பெருமாள் கோவில், செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடை. 29-ஆம் தேதி மாலை வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிற வேளையில் நாம் மதுராந்தகத்து ஏரிக்கரைப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கொடியைக் காணாவிட்டாலும் அங்கிருந்தபடியே செபமாலை சொன்னோம். முதல் முறையாக நடந்த எனக்கு, பத்து நாளும் பத்துப் பள்ளிக்கூடமாக இருந்தன.

வழிநடையில் மனிதனுக்கு என்ன தேவைப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? மிகவும் கொஞ்சம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பனியில் நனைந்த காவித் துணியைத் தட்டி உடுத்தி, ஒரு குவளை சுக்குக் காப்பி குடித்தால் அது அமிர்தம். வெயில் ஏறும்போது பம்புசெட்டுத் தண்ணீரில் தலையைக் காட்டினால் அது பேரானந்தம். மத்தியானம் ஒரு புளியமரத்து நிழலும், எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலமும், அதோடு ஒரு துண்டு ஊறுகாயும் கிடைத்தால் கலியாண விருந்து. இரவில் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்தால், அந்த நிமிஷத்தில் நமக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. கொள்ளிடப் பாலத்தின்மேல் ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தபோது எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் குழந்தையைப்போல் கைதட்டிச் சிரித்ததை எல்லோரும் பார்த்தோம்.

இதே சுக்குக் காப்பியை வீட்டில் கொடுத்தால் சர்க்கரை போதவில்லை என்போம். இதே எலுமிச்சஞ்சோற்றை வீட்டில் வைத்தால் முகம் சுளிப்போம். அப்படியானால் ருசி எங்கே இருந்தது? பொருளில் அல்ல, நம் வெறுங்கையில் இருந்தது. இஸ்ராயேல் ஜனங்கள் வனாந்தரத்தில் மன்னாவைப் பொறுக்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று எடுத்தார்கள். நாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போயிற்று. பரலோக மந்திரத்தில் நாம் தினமும் கேட்பதும் அன்றாட அப்பத்தைத்தானே? அந்த மன்றாட்டின் பொருளை நான் குருமடத்தில் புத்தகத்தில் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் இந்தச் சாலையில்தான் வயிற்றால் படித்தேன்.

தொழிற்சாலையில் வேலை செய்கிற நம் பங்கு வாலிபர் ஒருவர் பக்கத்தில் நடந்து வந்தார். ஆண்டு முழுதும் விடுப்பைச் சேர்த்து வைத்து இந்தப் பத்து நாளுக்கு வந்தவர். “சாமி, அங்கே எட்டு மணி நேரம் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், வண்டிகள்தான் என் முன்னால் நகர்ந்து போகின்றன. இங்கே நான் நகர்கிறேன். அதுவே சந்தோஷமாக இருக்கிறது” என்றார். எத்தனை பேருடைய வாழ்க்கையை அந்த ஒரு பேச்சு சொல்லிவிட்டது! விடுப்புக் கிடைக்காமல், மெழுகுதிரிக்குக் காசு மட்டும் நம் கையில் கொடுத்தனுப்பியவர்கள் உங்களில் பலர். இரவு முறை முடிந்து காலையில் வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கண் அயர்கிற தாய்மாரே, உங்கள் நடையும் தேவமாதாவின் கணக்கில் உண்டு. மனம் தளர வேண்டாம்.

ஆனால் இந்தச் சந்தோஷங்களைச் சொல்லி முடித்துவிட்டால் என் கடமை தீராது. என் மனதைக் குத்துகிற ஒன்றையும் நான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம். நம் கோவில் வளாகத்தில் தண்ணீர்க் குழாயை இரண்டு முறை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கோபம். இரவு எட்டு மணிக்கே வெளிவாசலைப் பூட்டிவிட வேண்டும், யாருக்காகவும் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், மஞ்சள் ஆடை உடுத்தித் திருமலைக்கு நடந்து செல்கிற பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைகளும் இருந்தார்களாம். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். உபதேசியார் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். நான் படுக்கையில் இருந்தபடியே, “பூட்டினது பூட்டினபடியே இருக்கட்டும்” என்றேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள் என்று மறுநாள் சொன்னார். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அன்று இரவு நன்றாகவே தூங்கினேன்.

இந்த ஆண்டு, கடலூர் தாண்டிச் சிதம்பரம் போகிற வழியில், இரவு பெருமழை பிடித்துக்கொண்டது. தங்குவதாக ஏற்பாடு செய்திருந்த இடம் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. மாதா சுரூபம் வைத்த சிறு வண்டியைப் படுதாவால் மூடிக்கொண்டு, சாலையோரம் நனைந்து நின்றோம். எதிரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. வயதான அம்மாள் ஒருவர் வெளியே வந்து, “ஏன் மழையில நிக்கிறீங்க? எல்லாரும் திண்ணைக்கு வாங்க” என்றார். நிலைப்படிக்கு மேலே திருப்பதிப் பெருமாள் படம் மாட்டியிருந்தது. முதலில் மாதா சுரூபத்தைத்தான் உள்ளே கொண்டுவரச் சொன்னார். “அம்மா நனையறாங்களே” என்றார். பிறகு அடுப்பு மூட்டி, அண்டா நிறைய வெந்நீர் வைத்து, நம் பெண்களின் கால்களுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் காவிச் சட்டையில் இருந்தபடியால் குருவானவர் என்று அவருக்குத் தெரியாது. என்னையும் “தம்பி” என்றே அழைத்தார்.

விடியற்காலம் புறப்படும்போது நன்றி சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: “இதுக்கென்ன தம்பி நன்றி? போன புரட்டாசியில என் மகனும் திருப்பதிக்கு நடந்துதான் போனான். அவனுக்கும் வழியில யாராவது தண்ணி குடுத்திருப்பாங்க இல்ல?”

பிரியமானவர்களே, அவருடைய மகன் நம் வாசல் வழியாகப் போயிருக்க மாட்டார். கடலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதி போகிற வழி வேறு. ஆனால் வேறொரு தாயின் மகன் நம் வாசலில் நின்றான் அல்லவா? அந்தத் தாயும், யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டுதானே வீட்டில் படுத்திருப்பாள்? அவள் நம்பிக்கையை நான் பொய்யாக்கினேன். சிதம்பரம் போய்ச் சேருகிற வரையில் நான் யாரோடும் பேசவில்லை. கால் வலி என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

வேளாங்கண்ணியின் வரலாற்றையே எண்ணிப் பாருங்கள். முன்னோர் நமக்குச் சொல்லி வைத்தது என்ன? நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவன் குளத்தருகே மரநிழலில் இளைப்பாறினான். கையில் குழந்தையோடு ஒரு பெண்மணி அவனுக்குத் தோன்றி, தன் குழந்தைக்குப் பால் கேட்டார். எஜமான் கோபிப்பானே என்று தயங்காமல் அவன் கொடுத்தான். பின்னர் நடுத்திட்டில் மோர் விற்ற முடவனான சிறுவனிடமும் அப்படியே மோர் கேட்டார், அவனும் கொடுத்தான், எழுந்து நடந்தான். 23-ஆம் அருளப்பர் பாப்பரசர் 1962-ல் பசிலிக்கா என்று உயர்த்திய அந்தப் பெருங்கோவிலின் தொடக்கம் எது? வழியில் ஒரு தாய் தன் குழந்தைக்காகக் கேட்டதும், ஏழைச் சிறுவர் கொடுத்ததுந்தான். அங்கே போய் மொட்டையடித்துக் காணிக்கை செலுத்துகிற நாம், நம் வாசலில் வந்து கேட்டவர்களை இல்லையென்று அனுப்பினால், எந்த முகத்தோடு அந்தத் தாயைப் பார்ப்பது?

சேசுநாதர் சுவாமியும் ஒரு மத்தியானம் நடந்து களைத்து, கிணற்றோரம் உட்கார்ந்து, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். யூதருக்கும் சமாரியருக்கும் சம்பந்தமில்லாத காலம் அது. உன் கோவில் எது, உன் மலை எது என்று கேட்டுவிட்டு அவர் தாகம் தீர்க்க நினைக்கவில்லை. நடுத்தீர்வை நாளில் நம்மிடம் அவர் கேட்கப்போகிற கேள்விகளில் தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரும் ஒன்று என்று அர்ச். மத்தேயு எழுதியிருக்கிறார். அன்று, “ஆண்டவரே, குழாய் திருட்டுப் போயிற்று, ஆகையால் வாசலைப் பூட்டினேன்” என்றா நான் பதில் சொல்வது?

நம்முடைய சாலையைச் சற்றுப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் நீண்ட மதில்கள், இரும்பு வாசல்கள், சீருடை அணிந்த காவலர்கள். தொழிற்சாலைக்கு அது தேவை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே உள்ளே நுழைய அட்டை காட்ட வேண்டும். ஆனால் சர்வேசுரனுடைய வீட்டுக்கு அட்டை ஏது? இரவில் கால் நோக நடந்து வருகிறவனுக்கு, இந்த நீண்ட சாலையில் ஒரு வாசலாவது திறந்திருக்க வேண்டாமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, கூட்டமாய் வாடகை அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் இந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள். அவர்களும் வழிநடைக்காரர்களே.

ஆகையால் இந்தப் புரட்டாசியில் நாம் செய்யப்போவதைத் தெளிவாகச் சொல்லுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நம் கோவில் வாசல் திறக்கப்படும். சனிக்கிழமை காலை வரை திறந்தே இருக்கும். விளக்கு எரியும். நான்கு மண்பானைகளில் நல்ல தண்ணீரும், ஒரு அண்டாவில் வெந்நீரும், பக்கத்தில் கல்லுப்பும் இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு அன்பியத்தார் பொறுப்பேற்க வேண்டும். முதல் வாரம் இரவு முழுதும் நானே உட்காருகிறேன். எனக்கு அந்தக் கடன் இருக்கிறது. வருகிறவர்களிடம் துண்டுத்தாள் கொடுப்பதோ, தர்க்கம் பேசுவதோ, அவர்கள் பக்தியைக் கேலி செய்வதோ கூடவே கூடாது. கடலூர்ப் பக்கத்து அந்த அம்மாள் நம்மிடம் அப்படி ஒரு வார்த்தை பேசினாரா? குழாய் மறுபடியும் திருட்டுப் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வீடுகளிலும் ஒரு காரியம் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, வேலை முறை எதுவாயிருந்தாலும், குடும்பத்தார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். புளியமரத்தடியில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்த கையாலேயே வீட்டுச் சோற்றையும் தொட்டு, சிலுவை அடையாளம் வரைந்து உண்ணுங்கள். சமைத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அதற்குமேல் பெரிய தவம் எதையும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

பத்து நாள் நடந்து மாதாவின் பாதத்தில் சேர்ந்தோம். மோட்ச இராச்சியம் சேருகிற வரையில் நம் நடை இன்னும் இருக்கிறது. அந்த வழியில் நமக்குத் தண்ணீர் தரப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. நம்மிடம் கேட்கப்போகிறவர் யாரென்பதும் தெரியாது. ஆரோக்கிய மாதா நம் எல்லோருக்காகவும் மன்றாடுவார்களாக.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பானைகளோடு வாருங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்