அயல் மண்ணில் ஒரு கல்லறை

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். அன்று நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் எரியும், மாலைகள் மணக்கும். நாம் தீர்த்தம் தெளித்துச் செல்கையில், "இது எங்கள் அப்பாவுடையது, சாமி" என்று பிள்ளைகள் கைகாட்டி அழைப்பார்கள். கைகாட்ட ஆளில்லாத கல்லறைகளும் ஓரத்தில் உண்டு. உறவினர் எட்ட முடியாத தொலைவில் அடக்கம் பெற்றவரை நினைப்பது யாருடைய கடமை?

பிரான்சு நாட்டின் வடபகுதியில் எஸ்தவெல் என்றொரு சிற்றூர். அதன் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் நம் நாட்டு இளைஞர் ஒருவர் துயில்கிறார். பெயர் இந்திரலால் ராய். 1898இல் கல்கத்தாவில் பிறந்து, இலண்டனில் கல்வி பயின்று, 1917இல் பிரித்தானிய வான்படையில் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் விமான விபத்தில் காயமுற்றார். பறக்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டும், விடாது முயன்று மீண்டும் போர்முனை சேர்ந்தார். 1918 சூலையில், ஏறக்குறைய இரண்டே வாரங்களில், பத்து எதிரி விமானங்களை வென்றவராகக் கணக்கிடப்பட்டார். அம்மாதம் 22ஆம் நாள் கார்வின் என்னும் ஊருக்கு மேலே நடந்த வான்போரில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. இறந்தபின் அவருக்குச் சிறப்புமிகு பறத்தல் சிலுவை என்ற விருது வழங்கப்பட்டது.

நாட்டுக்காக உயிர் ஈந்தவர் என்று அவரைச் சொல்லலாம். எது அவருடைய நாடு? அடிமைப்பட்டிருந்த இந்தியாவா, அதை ஆண்ட பேரரசா? 'அந்நியனுக்காகச் செத்தவனை நாம் ஏன் நினைக்க வேண்டும்?' என்று கேட்போர் உண்டு. ஒருவரை நினைப்பது வேறு. அவர் ஏந்திய கொடியை ஏற்பது வேறு. வரலாற்றின் தீர்ப்பு வெளியாகும்வரை எந்தத் தாயும் தன் மகனுக்காக அழக் காத்திருப்பதில்லை.

ஆயினும் நினைவு நேர்மையாக இருக்கவேண்டும். அவர் வென்ற பத்து விமானங்களிலும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். பத்து என்ற எண்ணை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டால், நம் நினைவு வழிபாடு போர் வழிபாடாகிவிடும்.

அதே சூலையில், எட்டு நாள்களுக்கு முன்னர், முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூசுவெல்ட்டின் கடைசி மகன் குவென்டின் அதே நாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவருக்கு வயது 20. சுட்ட செருமானியரே அவரைப் படை மரியாதையோடு புதைத்தனர். மகன் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார் தந்தை. பகைவனின் உடலுக்கு மண் தள்ளும் கை, அந்த ஒரு நொடியேனும் பகையை மறந்த கையன்றோ? இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுவதன் பொருள் இங்கே விளங்குகிறது.

பிரித்தானியப் பெற்றோருக்கு அத்தகைய உரிமை இல்லை. உடல்களைத் தாயகம் கொண்டுவர அனுமதி மறுக்கப்பட்டது. செல்வர் மகன் வீடு திரும்ப, ஏழை மகன் அங்கேயே கிடக்கலாகாது என்பது அதற்குச் சொன்ன காரணம். 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம், தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே வகைக் கல்லை நட்டது. பல தாய்மாரின் கண்ணீரின்மேல் எழுந்த சமத்துவம் அது. எனினும் உயர்ந்த எண்ணமே. ஆனால் அவ்வெண்ணம் எல்லாருக்கும் எட்டவில்லை. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக ஏறத்தாழ 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் சொல்லி நினைக்கப்படவே இல்லை என்றும் 2021இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது.

இந்திரலாலுக்குக் கல் உண்டு, பெயர் உண்டு. 1998இல் நம் அரசு வெளியிட்ட அஞ்சல் தலையும் உண்டு. பெயரற்றுப் போனவர்களுக்கு என்ன உண்டு? மனிதர் எழுத மறந்த பெயரை இறைவன் மறப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை நம் மறதிக்குச் சாக்காகிவிடக்கூடாது. இவ்வாண்டு கல்லறைத் திருநாளில், நம்மவர் கல்லறையில் ஏற்றிய மெழுகுதிரியிலிருந்து இன்னொன்றைப் பற்றவைத்து, ஓரத்தில் உள்ள அந்த ஆளில்லாக் கல்லறையிலும் வைப்போம். எங்கோ ஒரு தொலைதூர ஊரில், முகமறியாத ஒருவர் நம் பிள்ளைக்கு அதையே செய்யக்கூடும்.