அருவியடியில் மாண்டவர்கள்



ஹவாய்த் தீவுகளில் ஒவாகு என்றொரு தீவு. அதன் காட்டுப் பள்ளத்தாக்கின் கோடியில் ஓர் அருவி; ஆங்கிலேய பாஷையில் அதற்குப் புனித அருவி என்று பெயர். இருபுறமும் செங்குத்தாய் நிற்கும் எரிமலைப் பாறைகள், மழையில் நைந்தவை. 1999-ம் ஆண்டு மே 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அங்கே அன்னையர் தினம். அருவியடியில் ஜனங்கள் களித்திருக்கையில் உச்சியிலிருந்து பாறை சரிந்தது. எட்டுப்பேர் மாண்டார்கள், காயம்பட்டோர் அநேகர். அன்றுமுதல் அவ்வழி அடைபட்டிருக்கிறது.

“ஞாயிற்றுக்கிழமை உல்லாசந் தேடினார்கள், ஆண்டவர் தண்டித்தார்” என்று சொல்லச் சிலருக்கு நாக்குத் துடிக்கும். சொல்லாதேயுங்கள். சீலோவே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மடிந்ததைப் பற்றி அர்ச். லூக்காஸ் 13-ம் அதிகாரத்தை வாசியுங்கள். இறந்தவர்களை மற்றவரிலும் பெரிய பாவிகளென்று எண்ணவேண்டாமென்றார் சேசுநாதர். தவஞ்செய்யச் சொன்னதோ, எதிரே நின்று கேட்டவர்களை!

அருவியும் சர்வேசுரன் படைத்ததே, பார்க்கப்போவது பாவமன்று. தடையை மீறி இன்றும் அங்கே நுழைகிறவர்கள் உண்டு, அது வேறு காரியம். ஐந்தாம் கற்பனை நம் உயிரையும் காக்கச் சொல்கிறது, நம்மைத் தேடிவருகிறவன் உயிரையும். விடுமுறையில் அருவிக்குப் புறப்படும் வாலிபர்களே, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிவில், அந்த எட்டு ஆத்துமங்களுக்காக ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.