உழைப்போர் உள்ளமும் கீழ்த்திசையும்



கோலார் தங்கவயற் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பெற்றன. அன்று முதல் நம்மவருட் பலர் விடியுமுன்னரே மாரிகுப்பத்தில் ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். உடற்களைப்பு உறக்கத்தில் தீரும். மேலதிகாரியின் கடுஞ்சொல்லோ தீருவதில்லை. அது ரயிலிலும் உடன் வருகிறது, சோற்றுத் தட்டின் முன்னும் அமர்கிறது, நள்ளிரவிலும் தட்டி எழுப்புகிறது.

இத்துன்பத்தைப் பகவான் இரண்டு அம்புகளை உவமை காட்டி விளக்கினார். உடலில் தைத்தது ஓர் அம்பு. அதனையே எண்ணியெண்ணிப் புலம்புவதால் உள்ளத்தில் தைப்பது மற்றோர் அம்பு. தர்மம் கேட்டறிந்த சீடனும் முதல் அம்பின் வலியை உணரவே செய்வான். இரண்டாவதற்குத் தன் உள்ளத்தை இலக்காக்கான். ஆகவே, கேட்ட சுடுசொல் மீண்டும் நினைவில் எழும்போது, ‘இது சினம், இது அச்சம்’ என்று அறிந்து, உள்வரும் மூச்சையும் வெளிச்செல்லும் மூச்சையும் கவனித்திருத்தல் நமக்குரிய பயிற்சியாகும். ரயிற்பெட்டியின் நெரிசலில் நின்றபடியே இதனைச் செய்யலாம், பத்மாசனம் வேண்டுவதில்லை.

ஆயினும், ‘பொறுத்துக்கொள், அதுவே பௌத்தம்’ என்று உழைப்போனை நோக்கி மட்டும் உபதேசிப்பார் உளர். இது நமக்கு உடன்பாடன்று. சீடன் இரண்டாம் அம்பைத் தவிர்த்துக்கொண்டான் என்பதனால், முதல் அம்பை எய்தவன் குற்றமற்றவனாகி விடுவானோ? இராஜகிருகத்தில் ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு, கீழ்த்திசையாவது பணியாளர்களே என்று பகவான் அறிவுறுத்தினார். வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அருஞ்சுவை உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் ஆகிய ஐந்தும் முதலாளியின் கடன்கள். அவற்றை மொழிந்த பின்னரே பணியாளரின் ஐந்து கடன்களைக் கூறினார். இவ்வரிசையை நாம் மறக்கலாகாது. இருவர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவருக்கு மனவுறுதியைப் போதிக்கும் நிர்வாகி, ஐந்தனுள் முதற்கடனையே தவறியவராவார்.

நோயுற்றபோது பேணுதல் என்றதில் உள்ளத்தின் நோயும் அடங்கும் என்றே நாம் கொள்கிறோம். வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் தம் கையாலேயே நீர் வார்த்துப் பேணினார், அருவருத்தாரில்லை. நாமோ, உறக்கமிழந்து உணவு வெறுத்து உயிரும் வேண்டாமென்று ஒருவர் சொன்னால், ‘பைத்தியம்’ என்று வாய்கூசாது பேசிவிடுகிறோம்! தியானம் ஒன்றே போதுமென அவரைத் தடுத்து வைத்தல் பெருந்தீங்கு. பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தனியே செல்ல அஞ்சுவோருடன் மருத்துவமனை வாயில் வரை நம்மில் ஒருவர் துணை செல்வோமாக.