மலாக்காத் தமிழரும் 377ஆம் பிரிவும்

ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்ற பேச்சு எழுந்தால், மலாக்காத் தமிழர் குடும்பங்களில் வரும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "இதெல்லாம் நம்ம பழக்கமில்ல." இரண்டு, "சட்டமே தப்புங்குது." அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், முதல் பதிலையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

1860இல் ஆங்கில அரசு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கியது. அதற்கு முதல் வரைவு எழுதியது மெக்காலே தலைமையிலான ஆணையம். பினாங்கு, சிங்கப்பூரோடு மலாக்காவும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றியபோது, இந்தியச் சட்டத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற தோட்ட முதலாளி ரப்பர் நட்டது 1896இல். பால் மரம் சீவத் தமிழர் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்தப் பிரிவு மலாக்காவில் குடியேறிவிட்டது. அதைக் கொண்டுவந்தது தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி அல்ல, வெள்ளைக்கார அரசு.

வெள்ளைக்காரர் போனார்கள், பிரிவு போகவில்லை. 1989இல் மலேசியா அதைத் திருத்தி விரிவாக்கியது. இன்றைய 377ஏ, 377பி பிரிவுகளின்படி இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. 'அநாகரிகச் செயல்' என்று 377டி சொல்வதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. இருவரும் மனமொத்தவர்கள் என்பது இங்கே தப்பிக்கும் வழியாகாது. எந்த மதத்தவரானாலும் இந்தப் பிரிவுகள் பொருந்தும்.

இதற்கு மேல் மாநில ஷரியா சட்டம் இருக்கிறது. மலாக்காவில் அது 1991இல் இயற்றப்பட்டது; முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது. தமிழ் முஸ்லிம் ஒருவர் இரண்டு சட்டங்களுக்கும் கட்டுப்பட்டவர். இந்து, கிறிஸ்துவத் தமிழர்களை இஸ்லாமியச் சமய இலாகா தொடாது. அதனால்தான் நம்மவர்கள் பலர் "அது அவங்க பிரச்சினை" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் தண்டனைச் சட்டம் எல்லோருக்கும் பொது.

போலீஸ் இதை எப்படிக் கையாள்கிறது? பூட்டிய அறைக்குள் இருவர் மனமொத்து நடந்துகொண்டால் புகார் கொடுக்க ஆளில்லை. ஆகவே வழக்குகள் அரிது. நாடே அறிந்த வழக்கு அன்வார் இப்ராகிமுடையது. 1998இல் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், 2000இல் ஒன்பது ஆண்டுத் தண்டனை, 2004இல் அது ரத்தானது, இன்னொரு வழக்கில் 2015இல் ஐந்தாண்டுத் தண்டனை உறுதியானது, 2018இல் மன்னிப்பு. விசாரணையின்போது மெத்தையைச் சாட்சியப் பொருளாக நீதிமன்றத்துக்குச் சுமந்துவந்த படம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வீட்டில் பேசவே கூடாத விஷயத்தை, அரசியல் பகைக்கான ஆயுதமாகத்தான் சாதாரண மக்கள் முதலில் அறிந்தார்கள்.

வழக்கு அரிது என்பதால் சட்டம் செத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஓர் இளைஞனின் படத்தையோ குறுஞ்செய்தியையோ வைத்துக்கொண்டு ஒருவன் பணம் கேட்டு மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மிரட்டல் பெரிய குற்றம். ஆனால் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதினால், "எதை வைத்து மிரட்டினான்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு உண்மையான பதில் சொன்னால் அதுவே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். போலீஸ் யாரையும் பிடிக்காமலேயே இந்தச் சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது.

கண்ணுக்குத் தெரியும்படி வாழும் திருநங்கைகளின் பாடு இன்னும் நேரடியானது. முஸ்லிம் திருநங்கைகள் சமய இலாகாவிடமும் மற்றவர்கள் போலீஸிடமும் படும் தொல்லைகளை 2014இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பக்கத்து நெகிரி செம்பிலானில் பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆண்களைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அதைத் தள்ளிவிட்டது.

போலீஸுக்கு முன்னால் நிற்பது குடும்பம். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். இங்கே இருமினால் அங்கே கேட்கும். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போதே இரவு நடந்த சண்டை ஊருக்குத் தெரிந்துவிடும். முப்பதைத் தொட்டும் தாலி கட்டாத பையனைப் பார்த்தால், "எப்பப்பா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்காத கிழவி இருக்கமாட்டாள். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். வாடகை அறை கொஞ்சம் தனிமை தந்தது. ஆனால் தீபாவளிக்கு வீடு திரும்பினால் கிழவியின் கேள்வி அப்படியே காத்திருக்கும்.

"நம்ம பழக்கமில்ல" என்பவர்களிடமும் ஒரு முரண் உண்டு. ஆசி வேண்டித் திருநங்கையிடம் திருநீறு வாங்கிக்கொள்ளும் அதே கை, நடையில் கொஞ்சம் நளினம் தெரியும் பள்ளிப் பையனைப் பார்த்து "பொண்டான்" என்று கைகொட்டிச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குப் பினாங்கு சாட்சி. 2017 ஜூனில் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன், பெண்மைச் சாயல் உள்ளவன் என்று கேலி செய்யப்பட்டு, கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்தான். கேலி பள்ளிக் காலத்திலேயே தொடங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவன் வயதை ஒட்டிய இளைஞர்கள்தாம்.

இந்தப் பிரிவைப் பெற்றெடுத்த இந்தியாவில், 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல், பெற்றோரும் போலீஸும் துரத்திய இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து தெரிந்துகொண்ட பிறகே ஆணை எழுதினார். இத்தகையோரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்த்தார்கள். அதே ஆண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றமும் தன் நாட்டின் 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. நீரிணைக் குடியேற்றங்களாகச் சேர்ந்திருந்த மூன்றில் மலாக்காவிலும் பினாங்கிலும் மட்டுமே பழைய பிரிவின் வாரிசுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. அது எப்போது நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பள்ளிப் பையனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துவதற்கும், மிரட்டப்பட்டு வந்து நிற்கும் மகனைக் கதவடைக்காமல் உள்ளே அழைப்பதற்கும் எந்த மசோதாவும் தேவையில்லை. அதை நாம் இன்றே செய்யலாம்.