காவற்கூலி

ஜான் ஸ்டர்ஜஸின் 'தி மாக்னிஃபிசென்ட் செவன்' (1960) படத்தைத் தூத்துக்குடியில் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஓட்டப்பிடாரம் திரும்பினேன். மெக்ஸிகோ கிராமமொன்றின் விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் கொள்ளையடிக்கும் கூட்டத்தை எதிர்க்க ஏழு துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். 6 வாரத்துக்குத் தலைக்கு 20 டாலர். அற்பத் தொகை, அதனாலேயே அவர்கள்மேல் நமக்கு மரியாதை வருகிறது. நால்வர் சாகிறார்கள். இருவர் குதிரையேறிப் போய்விடுகிறார்கள். ஊரோடு நின்றுவிடும் இளைஞன் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்க முடிகிறது.

இந்த முடிவு ஒரு சௌகரியம் என்று பஸ்ஸிலேயே தோன்றியது. எங்கள் பக்கத்தில் யாரும் போகவில்லை, கழற்றவுமில்லை. பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியிலிருந்த கிராமங்களிடமும் தேசகாவல் என்று வசூலித்தார்கள். திருட்டுப் போனால் காவல்காரன் பொருளை மீட்க வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கூலி தராத ஊரில் திருட்டுப் போகும் என்பது அதன் சொல்லாத பாதி. கம்பெனி அதிகாரிகளுக்கு இது பகற்கொள்ளையாகப் பட்டது. நிறுத்தினார்கள். அவர்களுடைய வரி மட்டும் நிற்கவில்லை.

பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில், வரி கேட்க உனக்கேது உரிமை என்று வெள்ளைக்காரனை மடக்கும் இடத்தில் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அதே கேள்வியைக் கட்டபொம்மனின் காவல்வசூல்காரனிடம் ஒரு மானாவாரிச் சம்சாரி கேட்டிருந்தால்? கேட்டிருக்கலாம், ராத்திரி களத்தில் கிடக்கும் சோளத்தை யார் பார்ப்பது? 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது அழுத சம்சாரியும், அடுத்த அறுப்பில் காவற்கூலி மிச்சம் என்று கணக்குப் போட்ட சம்சாரியும் ஒரே ஆளாக இருந்திருக்க முடியும். அந்த ஆளை வைத்து யாராவது படமெடுத்தால் இன்னொரு தடவை கடைசி பஸ்ஸில் திரும்ப எனக்குச் சம்மதம்.